ஃபண்டு வருதாம், அப்போ பங்கு ஏறுமா?

நஷ்டத்தில் ஓடுகிற ஒரு டெக்னாலஜி கம்பெனிக்கு "ஃபண்டு வருது" என்று செய்தி கிளம்பினால் போதும், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் ரெண்டு கட்சி பிரிந்துவிடும். "ஃபண்டு மட்டும் வந்துட்டா கம்பெனி நிமிந்துரும் சார்வாள், இப்ப விட்டா இந்த வெலைக்குக் கெடைக்காது" என்பார் பலசரக்குக் கடை அண்ணாச்சி. ரிட்டயர்டான சார்வாள் டம்ளரைக் கீழே வைக்காமலே, "அவனே வாசல் வாசலா காசு கேட்டு நிக்கான், அவன்ட்ட போயி நீங்க காசக் கொட்டுதியளே அண்ணாச்சி" என்பார். ஐடி வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் போனில் ஏதோ சார்ட்டைக் காட்டி ரெண்டு பேரையும் குழப்புவான். மூன்று பேர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஃபண்டு என்ன விலைக்கு வருகிறது, அதற்காக எத்தனை புதுப் பங்கு கொடுக்கிறார்கள், வந்த பணம் எங்கே போகப்போகிறது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கம்பெனி பிழைப்பது வேறு, அதில் நாம் போட்ட காசு பிழைப்பது வேறு. இது புரியாமல்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். சந்தைக்குப் புதுசாக வந்தவர்களுக்காக முதலில் இருந்தே சொல்கிறேன், தெரிந்தவர்கள் ரெண்டு பத்தி தாண்டிப் போங்கள்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடி பங்கு, ஒரு பங்கு 20 ரூபாய். அதாவது சந்தை இந்தக் கம்பெனிக்குப் போட்டிருக்கிற மதிப்பு 200 கோடி. உங்களிடம் 1,000 பங்கு இருக்கிறது. கம்பெனிக்கு 50 கோடி தேவை. புதுப் பங்கை 20 ரூபாய்க்கே ஒருவர் வாங்கிக்கொண்டால் 2.5 கோடி பங்கு கூடும், மொத்தம் 12.5 கோடி ஆகும். பரவாயில்லை. ஆனால் கஷ்டத்தில் இருக்கிற கம்பெனிக்குச் சந்தை விலையில் எவன் கொடுப்பான்? 10 ரூபாய்க்குத்தான் தருவேன் என்றால் 5 கோடி பங்கு கொடுக்கவேண்டும். 5 ரூபாய்க்கு என்றால் 10 கோடி பங்கு, அதாவது இருந்தது அப்படியே ரெண்டு மடங்கு. உங்கள் கையில் அதே 1,000 பங்குதான், ஆனால் கம்பெனியில் உங்கள் பாத்தியதை பாதியாகிவிட்டது. நாளைக்குக் கம்பெனி லாபம் பார்த்தாலும் அந்த லாபத்தை ரெண்டு மடங்கு பங்கால் வகுக்கவேண்டும். இதைத்தான் டைல்யூஷன் என்கிறார்கள். தம்பி காட்டுகிற சார்ட்டில் இது தெரியாது, பங்கு எண்ணிக்கையைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, எவ்வளவு நாள் தாங்கும் என்ற கணக்கு. கம்பெனி கையில் 18 கோடி ரொக்கம், மாதம் 3 கோடி கரைகிறது என்றால் 6 மாதம். அவ்வளவுதான். இங்கே ஒரு விஷயம், லாப நஷ்டக் கணக்கில் இருக்கிற நஷ்டத்தை வைத்து இதைப் போடக்கூடாது. தேய்மானம் மாதிரி கைக்காசு போகாத செலவெல்லாம் அதில் கலந்திருக்கும். கேஷ் ஃப்ளோ அறிக்கையில் "செயல்பாடுகளிலிருந்து வந்த பணம்" என்று ஒரு வரி இருக்கும், அது மைனஸில் எவ்வளவு என்று பாருங்கள். பட்டியலிட்ட கம்பெனிகள் காலாண்டுக்கு ஒருமுறை ரிசல்ட் விட்டாலும் கேஷ் ஃப்ளோவை அரையாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும், அதனால் ஜூன், டிசம்பர் ரிசல்ட்டில் தேடிவிட்டுக் காணோமே என்று பதறவேண்டாம். கற்பனைக் கம்பெனிக்கு 50 கோடி வந்தது, அதில் 40 கோடியை பேங்க் பழைய கடனுக்குப் பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். மிச்சம் 10 கோடி. மூணு மாசத்துச் செலவுக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் மறுபடியும் ஃபண்டு, மறுபடியும் புதுப் பங்கு.

இதெல்லாம் கற்பனை என்று நினைக்கவேண்டாம். நம் கண் முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது, வோடஃபோன் ஐடியா. நம்ம பக்கத்தில் இந்தப் பங்கு இல்லாத சிறு முதலீட்டாளரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, கட்டணமெல்லாம் தரைக்கு இறங்கியது, 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றானது. அப்போது பங்கு எண்ணிக்கை சுமார் 873 கோடி. 2019 ஏப்ரலில் 25,000 கோடி ரூபாய்க்கு ரைட்ஸ் இஷ்யூ, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கே புதுப் பங்கு விற்பது, போட்டார்கள், 38 பங்கு வைத்திருந்தால் 87 புதுப் பங்கு, ஒன்று 12 ரூபாய் 50 காசு. ஆயிரம் பங்கு வைத்திருந்த ஒருவர் தன் முழு உரிமையையும் வாங்க 2,289 பங்குக்கு 28,600 ரூபாய்க்கு மேல் கட்டவேண்டும். அந்தப் பணம் வந்து ஆறு மாசம்தான், அக்டோபர் 24-ம் தேதி ஏஜிஆர் வழக்கில், அதாவது எந்த வருமானத்தை வைத்து அரசுக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டும் என்ற வழக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கி மலையாக வந்து விழுந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையான அந்த ஒரே காலாண்டில் கம்பெனி காட்டிய நஷ்டம் 50,921 கோடி. நவம்பரில் பங்கு 4 ரூபாய்க்கும் கீழே போனது. 12.50 கட்டி வாங்கியவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஃபண்டு வரவில்லையா? வந்தது. 25,000 கோடி முழுசாக வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2023 பிப்ரவரியில் அரசு தனக்கு வரவேண்டிய வட்டி 16,133 கோடியைப் பங்காக மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் 18,000 கோடிக்கு எஃப்பிஓ (ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்பது), பங்கு 11 ரூபாய். 2025 ஏப்ரலில் அரசு மறுபடியும் ஸ்பெக்ட்ரம் பாக்கி 36,950 கோடியைப் பங்காக எடுத்துக்கொண்டது, அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆனது. ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் "கம்பெனி இனி விழாது" என்ற பேச்சு. உண்மைதான், கம்பெனி விழவில்லை. பங்கு எண்ணிக்கைதான் 873 கோடியில் இருந்து 10,800 கோடியைத் தாண்டிவிட்டது. 2019-ல் ரைட்ஸுக்கு முன்னால் 1,000 பங்கு வைத்திருந்து அப்புறம் எதிலும் காசு போடாமல் சும்மா இருந்தவரின் பாத்தியதை பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. சிம் இன்னும் வேலை செய்கிறது, டவர் இருக்கிறது, போன் பேசலாம். ஆனால் பழைய விலைக்குப் பங்கு திரும்பவேண்டும் என்றால் கம்பெனியின் மொத்த மதிப்பு முன்னால் இருந்ததைப்போலப் பன்னிரண்டு மடங்கு ஆகவேண்டும். "முன்னால 100 ரூவா வித்த பங்கு, இப்ப எவ்ளோ மலிவு பாத்தியளா" என்று யாராவது சொன்னால் முதலில் அப்போது எத்தனை பங்கு, இப்போது எத்தனை பங்கு என்று கேளுங்கள்.

இதே கதைக்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது, முகமதிப்பு, அதாவது கம்பெனி ஒரு பங்குக்குத் தன் கணக்கில் எழுதிவைத்திருக்கிற விலை. பங்கைத் தள்ளுபடியில், அதாவது முகமதிப்புக்குக் கீழே, புதுசாக வெளியிடக்கூடாது என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. வோடஃபோன் ஐடியாவின் முகமதிப்பு 10 ரூபாய். 2025 ஏப்ரலில் சந்தையில் 7 ரூபாய் பக்கம் கிடைத்த பங்கை 10 கொடுத்து வாங்க எந்த வெளி முதலீட்டாளர் வருவார்? 2025-ல் அரசு 10 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது, ஏனென்றால் அரசுக்கு அது வராத பாக்கி. எல்லாக் கம்பெனிக்கும் அப்படி ஓர் அரசு வராது. அதனால் பங்கு விலை முகமதிப்புக்குக் கீழே போய்விட்ட ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியைப் பார்த்தால் அதற்குப் புது ஃபண்டு கிடைக்கும் வழியே குறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முகமதிப்பு 1 ரூபாய் உள்ள கம்பெனிக்கு இந்தத் தொல்லை கம்மி.

ஃபண்டு வரும் வழிகள் மூணு நாலு உண்டு. க்யூஐபி என்றால் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விற்பது, மியூச்சுவல் ஃபண்டு, இன்சூரன்ஸ் மாதிரி ஆட்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் யாரோ கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று ஓரளவு நம்பலாம். பிரிஃபரன்ஷியல் என்பது குறிப்பிட்ட சிலருக்குக் கொடுப்பது, அதற்குக் குறைந்தபட்ச விலை எப்படிப் போடவேண்டும் என்று சந்தையைக் கண்காணிக்கிற செபி சூத்திரமே வைத்திருக்கிறது. வாரண்ட், அதாவது இன்ன விலைக்குப் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, வந்தால்தான் கொஞ்சம் உஷாராக இருக்கவேண்டும். புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கிற முதலாளி) 100 கோடிக்கு வாரண்ட் எடுத்தார் என்று தலைப்புச் செய்தி வரும். ஆனால் அன்றைக்குக் கட்டுவது 25 சதவீதம் மட்டும், மீதியைக் கட்ட 18 மாதம் அவகாசம். பங்கு இறங்கிவிட்டால் கட்டாமலே விட்டுவிடலாம், கட்டின 25 சதவீதம்தான் போகும். ஆக 100 கோடி செய்தியில் உறுதியான காசு 25 கோடி.

ரைட்ஸ் இஷ்யூவில் நம்மைப் போன்றவர்கள் நேரடியாக மாட்டுவதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கற்பனைக் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று ரைட்ஸ் கொடுக்கிறது, விலை 10 ரூபாய், சந்தையில் 20. கணக்குப்படி ரைட்ஸுக்குப் பிறகு விலை 15 பக்கம் வந்து நிற்கவேண்டும், ஏனென்றால் 20 ரூபாய்ப் பங்கு ஒன்று, 10 ரூபாய்ப் பங்கு ஒன்று, சராசரி 15. உங்கள் 1,000 பங்கு முன்னால் 20,000 ரூபாய். நீங்கள் 10,000 கட்டினால் 2,000 பங்கு, மதிப்பு 30,000, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. கட்டவில்லை என்றால் கையில் 15,000 ரூபாய்ப் பங்குதான். மிச்சம் 5,000 எங்கே? அது ரைட்ஸ் உரிமைக்குள் இருக்கிறது. அந்த உரிமை உங்கள் டீமேட்டில், அதாவது பங்குகள் இருக்கிற கணக்கில், தனியாக ஆர்ஈ என்ற பெயரில் வந்து உட்காரும், அதைச் சந்தையில் விற்கலாம். கட்டவும் இல்லை, விற்கவும் இல்லை என்றால் காலாவதி.

அம்பாசமுத்திரத்தில் என் அத்தை ஒருத்தி டீமேட்டில் புதுசாக ஆயிரம் வந்து நிற்பதைப் பார்த்து, "எல, போனஸ் வந்துருக்கு" என்று துபாயில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டுச் சந்தோஷப்பட்டாள். ரெண்டு வாரத்தில் அது காணாமல் போனதும் புரோக்கர் ஆபீஸில் போய்ச் சண்டை. அவர்கள் மேல் தப்பில்லை, மெசேஜ் அனுப்பியிருந்தார்கள், ஆங்கிலத்தில். இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கும். 15 ரூபாய்ப் பங்கு ஆர்ஈ-யில் 5 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று சந்தையில் வாங்கிப் போடுவார்கள், அதற்கு மேல் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டால்தான் பங்கு வரும் என்பது தெரியாது. இஷ்யூ முடிந்ததும் 5 ரூபாயும் போச்சு. ஆர்ஈ வியாபாரம் இஷ்யூ முடிவதற்குச் சில நாள் முன்னாலேயே நின்றுவிடும், கடைசி நாள் பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள்.

பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு பேடிஎம் நல்ல உதாரணம். 2021 நவம்பரில் 18,300 கோடிக்கு ஐபிஓ, அதாவது முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பனை. அதில் கம்பெனிக்குள் போனது 8,300 கோடி, மீதி 10,000 கோடி ஏற்கெனவே இருந்த முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது. பக்கத்துத் தூத்துக்குடி டிஎம்பி (தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்) 2022 செப்டம்பரில் சந்தைக்கு வந்தபோது முழுக்கப் புதுப் பங்கு, பணம் பேங்குக்கே போனது. பேங்கையும் டெக் கம்பெனியையும் ஒப்பிடக்கூடாதுதான், ஆனால் பணம் யார் பைக்குப் போகிறது என்பதைப் பார்க்க அந்த வித்தியாசம் போதும். பேடிஎம் 2,150 ரூபாய்க்கு விற்று முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது, 2024 ஜனவரி கடைசியில் அதன் பேமென்ட்ஸ் பேங்க் மேல் ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்ததும் இன்னும் அடி. ஆனாலும் வோடஃபோன் ஐடியா மாதிரி திரும்பத் திரும்பப் புதுப் பங்கு போட்டுக்கொண்டிருக்கவில்லை, கையில் ரொக்கம் இருந்தது, கடன் சுமை இல்லை. அதனால் மூச்சுவிட நேரம் கிடைத்தது, 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் லாபம் காட்டியது. ஐபிஓ விலையில் வாங்கியவருக்கு அது ஆறுதலா என்பது வேறு பேச்சு. ரெண்டுமே கஷ்டத்தில் இருந்த கம்பெனிகள்தான், ஒன்றுக்கு நேரம் இருந்தது, இன்னொன்றுக்குக் கடன் இருந்தது. (இந்தத் தலைவலியே வேண்டாம் என்று இருக்கிற ஆட்களும் உண்டு. தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனி சோஹோ வெளி முதலீடும் வாங்கவில்லை, சந்தைக்கும் வரவில்லை.)

டீக்கடைச் செய்தியில் அதிகம் ஏமாற்றுகிற சமாச்சாரம் "1,000 கோடி திரட்ட போர்டு ஒப்புதல்" என்பது. அறிவிப்பை எடுத்துப் படித்தால் "1,000 கோடி வரை, ஒன்று அல்லது பல தவணைகளில், க்யூஐபி அல்லது வேறு வழிகளில்" என்று இருக்கும். அது அனுமதி, அவ்வளவுதான். க்யூஐபி-க்குப் பங்குதாரர் தீர்மானம் போட்டால் 365 நாளுக்குள் முடிக்கவேண்டும், முடியவில்லை என்றால் அடுத்த வருஷம் அதே தீர்மானத்தை மறுபடி கொண்டு வருவார்கள். சில கம்பெனிகள் வருஷா வருஷம் இதே வேலையாக இருக்கும், ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. பழைய ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ் ரெண்டு மூணைப் புரட்டினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துபோகும். பணம் வந்ததா என்பதற்கு ஒரே அடையாளம் "இத்தனை பங்கு இன்ன விலைக்கு ஒதுக்கீடு செய்யப்பட்டது" என்ற அறிவிப்பு.

சரி, ஃபண்டே வரவில்லை என்றால்? கம்பெனி திவால் சட்டத்துக்குப் போகும். அங்கே நம் இடம் பாளையங்கால்வாய் கடைமடைக்காரர் இடம். மேல்மடை, நடுமடையெல்லாம் பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் தண்ணீர். கம்பெனியைக் கலைத்து விற்றால் வருகிற பணத்தில் முதலில் திவால் நடவடிக்கைச் செலவு, அப்புறம் தொழிலாளர் பாக்கியும் அடமானக் கடன் கொடுத்த பேங்குகளும், மற்ற ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத கடன்காரர்கள், அரசு பாக்கி, மற்ற கடன்கள், முன்னுரிமைப் பங்குதாரர், எல்லாருக்கும் கடைசியில் நாம். வேறொருவர் கம்பெனியை வாங்கி நடத்தினாலும் பழைய பங்கு தப்பும் என்று இல்லை. டிஹெச்எஃப்எல்-ஐ 2021-ல் பிரமல் எடுத்தபோது கம்பெனி பிழைத்தது, பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று போட்டு பட்டியலில் இருந்தே நீக்கிவிட்டார்கள். அது வீட்டுக்கடன் கம்பெனி, ஆனால் டெக் கம்பெனிக்கும் சட்டம் இதேதான். பெரிய ஆள் வாங்குகிறார் என்ற செய்தியைப் பார்த்துக் கடைசி வரை அந்தப் பங்கை வாங்கிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு.

பார்க்கவேண்டிய காகிதங்கள் எல்லாம் என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச்சந்தைத் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கும், யாருக்கும் காசு கொடுத்து டிப்ஸ் வாங்கவேண்டாம். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் யாரிடம் எவ்வளவு பங்கு என்ற பட்டியல் வந்துவிடும். அதில் மொத்தப் பங்கு எண்ணிக்கை கூடியிருக்கிறதா, புரமோட்டர் கை குறைகிறதா, புரமோட்டர் தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா என்று பார்க்கலாம். புரமோட்டர் இறங்கிக்கொண்டே, முகமதிப்புப்படி 2 லட்சம் ரூபாய்க்குள் பங்கு வைத்திருக்கிற சில்லறை ஆட்களின் பங்கு ஏறிக்கொண்டே வந்தால் யார் யாரிடம் தள்ளிவிடுகிறார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. ஆடிட்டர் அறிக்கையில் கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் "குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை" என்று ஒரு பத்தி இருந்தால் அதை ரெண்டு தடவை படியுங்கள். ஆடிட்டர் வருஷ நடுவில் ராஜினாமா செய்தால் அந்தக் கடிதத்தைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம் சர்க்யூட். இந்த மாதிரிப் பங்குகளுக்கு ஒரு நாளைக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாமல் சில சமயம் கட்டிவைத்திருப்பார்கள். ஏறும்போது தினமும் 5 சதவீதம் ஏறுவது இனிக்கும். இறங்கும்போது காலை 9.15-க்கே லோயர் சர்க்யூட், விற்க லட்சக்கணக்கில் ஆட்கள், வாங்க ஒருவரும் இல்லை. ஸ்டாப் லாஸ் (இன்ன விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர்) போட்டிருக்கிறேன் என்பவருக்கும் இதே கதிதான், எதிரே வாங்குபவர் இருந்தால்தானே விற்கும். தம்பியின் சார்ட் இந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது.

இவ்வளவும் தெரிந்தும் அண்ணாச்சி வாங்குவேன் என்றால் வாங்கட்டும், கஷ்டத்தில் இருந்து மீண்ட கம்பெனிகளும் இருக்கத்தான் செய்கின்றன. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையாக மட்டும் இருக்கட்டும், கடையில் போட்ட முதலை எடுக்கவேண்டாம். விலை இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் பண்ணுவதும் இங்கே ஆபத்து, ஏனென்றால் நீங்கள் பங்கு கூட்டுகிற வேகத்தைவிடக் கம்பெனி வேகமாகக் கூட்டிக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, இனி தேறாது என்று முடிவுக்கு வந்துவிட்டவர்களுக்கு வருமான வரி பற்றி ஒரு விஷயம். டீமேட்டில் சிவப்பாகத் தெரிகிற நஷ்டம் வருமான வரிக் கணக்கில் நஷ்டம் இல்லை, விற்றால்தான் நஷ்டம். குறுகியகால நஷ்டத்தை எந்த மூலதன லாபத்தோடும் கழிக்கலாம், நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தோடு மட்டும். அந்த வருஷம் கழிக்க லாபம் இல்லை என்றால் 8 வருஷம் வரை எடுத்துப் போகலாம், ஆனால் ரிட்டனைக் கெடு தேதிக்குள் போட்டிருக்கவேண்டும். வர்த்தகம் நிறுத்தப்பட்டு பட்டியலில் இருந்து போய்விட்டால் விற்கவும் ஆள் கிடைக்காது. அதனால் விற்பதென்றால் சந்தையில் வாங்க ஒருவர் இருக்கும்போதே விற்றுவிட்டு, ஜூலைக்குள் ஆடிட்டரிடம் அந்த ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்துவிடுங்கள்.